பூப்பும் படிப்பும்

பேசத் தகாதவை என்று நாம் ஒதுக்கி வைத்தவற்றுள் தலையாயது பெண்ணின் பூப்பு. ஆயினும் தமிழ் நூல்கள் அதனை ஒதுக்கவில்லை. தொல்காப்பியக் கற்பியல் பூப்பினைப் பற்றிப் பேசுகிறது. புறநானூற்றின் 299ஆம் பாடலில் பொன்முடியார், நெய்ச்சோறு உண்டும் போர்க்களத்தில் ஒதுங்கி நின்ற குதிரைகளுக்கு, முருகன் கோட்டத்தில் கலம் தொடாது விலகி நின்ற மகளிரை உவமையாக்குகிறார். விலக்கும் பழமையானது, அதனைச் சொல்லத் தயங்காத நாவும் பழமையானது. நாமோ விலக்கை மட்டும் காத்துக்கொண்டு, சொல்லும் துணிவை இழந்துவிட்டோம்.

தீட்டு, தூரம், வீட்டுவிலக்கு என்று வழங்கும் சொற்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவை யாவும் பெண்ணை எங்கே நிறுத்துவது என்று கூறுகின்றனவே அன்றி, அவள் உடலில் நிகழ்வது யாது என்று கூறவில்லை. சொல்லில் தொடங்கிய விலக்கு பள்ளிவரை வந்துவிடுகிறது. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில், கோவை மாவட்டத்துத் தனியார் பள்ளியொன்றில், பூப்பெய்திய எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் அமர்ந்து தேர்வெழுத நேர்ந்தது. பள்ளியின் பொறுப்பிலிருந்தவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். நடவடிக்கை ஒருவரோடு முடிந்தது. அதற்குக் காரணமான எண்ணம் முடிந்துவிட்டதா?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறமாட்டோம். தமிழ்நாட்டில் ஊரக வளரிளம் பெண்களுக்கு இலவசமாக நாப்கின் வழங்கும் 'புதுயுகம்' திட்டம் 2011இல் அறிவிக்கப்பட்டது. கோவை அருணாசலம் முருகானந்தம் எளிய நாப்கின் பொறியை உருவாக்கி 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நாப்கினுக்கு விதிக்கப்பட்ட சரக்கு மற்றும் சேவை வரி 2018இல் நீக்கப்பட்டது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 24 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் தூய முறைகளைக் கையாள்வோர் 2015-16இல் 100க்கு ஏறத்தாழ 58 பேர். 2019-21இல் 77 பேர். இது மகிழ்ச்சிக்குரிய வளர்ச்சியே.

எனினும் பொருளைக் கொடுத்த நாம் அறிவைக் கொடுத்தோமா? நம் மாநிலப் பாடநூலில் வளரிளம் பருவம் பற்றிய அறிவியல் பாடம் எட்டாம் வகுப்பில் இடம்பெற்றுள்ளது. மாணவியருள் பலர் அதற்கு முன்னரே பூப்பெய்திவிடுகின்றனர். காலம் கடந்து வரும் அப்பாடத்தையும், "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று கூறிக் கடந்து செல்லும் வகுப்பறைகள் உண்டு. வீட்டிலோ, தாய்க்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. இவ்வாறு அறியாமை தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகச் செல்கிறது.

ஒரு சிறுமி அறிய வேண்டியவை மிகச் சிலவே. இது நோயன்று; கருப்பையின் உள்படலம் உரிந்து வெளியேறும் இயல்பான நிகழ்வு. தொடக்க ஆண்டுகளில் சுழற்சி முன்பின்னாக வருவது இயல்பே. நாப்கினை நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்குள் மாற்ற வேண்டும். துணியாயின், சோப்பிட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். பிறர் காணக் கூடாதென்று இருட்டறையில் உலர்த்துவதே கேடு. ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தாலும், தாங்கவொண்ணா வலி இருந்தாலும் மருத்துவரை அணுக வேண்டும். 2019-21 ஆய்வில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுள் 100க்கு 59 பேர் இரத்தசோகை உடையவர் எனக் கண்டிருப்பதால், கீரையும் பயறும் பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் இன்றியமையாதவை. இவற்றைக் கூற ஒரு பாடவேளை போதும்.

"இவற்றைப் பேசினால் நாணம் கெடாதா?" என்று பெரியோர் வினவுவர். அவர்தம் அச்சத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் நம் சமுதாயத்துச் சட்ட நூல்களில் ஹைளு பற்றித் தனிப் பகுதியே உண்டு. மதரஸாக்களில் அதனை நாணமின்றியா கற்பிக்கின்றனர்? மதீனத்து அன்சாரிப் பெண்கள் மாதவிடாய்த் தூய்மை குறித்து நபிகள் நாயகத்திடமே (ஸல்) கேட்டறிந்தனர். மார்க்கத்தைக் கற்க நாணம் அவர்களைத் தடுக்கவில்லை என அன்னை ஆயிஷா (ரலி) பாராட்டியதை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அந்நாட்களில் தொழுகையிலிருந்து பெண்ணுக்கு அளிக்கப்பட்டது விலக்களிப்பேயன்றி இழிவன்று. அறிதல் நாணத்திற்குப் பகையன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆதலின் நாம் வேண்டுவன சில. இப்பாடம் ஐந்தாம் வகுப்பிலேயே, ஆசிரியைகளால், தாய்மாரையும் அழைத்து வைத்துக் கற்பிக்கப்பட வேண்டும். மாணவர்க்கும் உரிய வயதில் கற்பிக்க வேண்டும். கறைபட்ட சீருடையைக் கண்டு சிரிக்கும் சிறுவன், கற்றிருந்தால் சிரிக்கமாட்டான். தண்ணீரும் தாழ்ப்பாளும் குப்பைக்கூடையும் உள்ள கழிப்பறை ஒவ்வொரு சிற்றூர்ப் பள்ளியிலும் அமைய வேண்டும். அஃதின்றி நாப்கின் மட்டும் தருவது, விளக்கைத் தந்து எண்ணெய் தராமைக்கு ஒப்பாகும்.

நம் கல்லூரிக்கும் இதில் பங்குண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழுநாள் முகாம்களில் நம் மாணவியர் சிற்றூர்ச் சிறுமியரிடமும் தாய்மாரிடமும் இதனைப் பேசலாம். எளிய தமிழில் எட்டுப் பக்கச் சிறுநூலொன்றை நம் தமிழ்த்துறை எழுதி, மருத்துவர் ஒருவரிடம் காட்டித் திருத்தி அச்சிடலாம். செலவு சிறிது. மலர்களில் கவிதைக்கு இடம் தரும் நாம், இச்சிறுநூலுக்கும் சில நாள் உழைப்பைத் தருதல் தகும். அடுத்த முகாமுக்கு முன் அது மாணவியர் கைக்கு வருமாயின், பெரியோரின் வாழ்த்தும் அதனுடன் சேரும் என நம்புகிறோம்.