கடிகாரத்தின் நியாயம்

ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி எமது பல்கலைக்கழக வட்டாரத்தில் இரு கருத்துகளே நிலவுகின்றன. அவை ஏகாதிபத்தியப் பண்பாடு எமக்கு அனுப்பிவைக்கும் நச்சுப் பண்டங்கள், ஆதலாற் பார்க்கவே தகாதவை என்பது ஒன்று. அவை வெறும் பொழுதுபோக்கு, அவற்றில் அரசியலைத் தேடுவது வேலையற்றோர் வேலை என்பது மற்றையது. முதலாவதைக் கூறுவோர் பெரும்பாலும் அத்தொடர்களைப் பார்க்காதவர்கள். இரண்டாவதைக் கூறுவோர் பார்த்தும் பாராதவர்கள். இவ்விரு சாராரோடும் ஒருங்கே பிணங்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்கொண்ட தொடர் ‘இருபத்து நான்கு’. அமெரிக்காவின் பொக்ஸ் தொலைக்காட்சி 2001 நவம்பரில் தொடங்கி ஒளிபரப்பியது. ஒவ்வொரு பருவமும் ஒரு நாள். ஒவ்வோர் அங்கமும் ஒரு மணித்தியாலம். திரையில் கடிகாரம் துடித்துக்கொண்டேயிருக்கும். 2003 ஒக்ரோபரிலிருந்து 2004 மே வரை வெளிவந்த அதன் மூன்றாம் பருவம் உயிரியற் பயங்கரவாதத்தைப் பற்றியது. ஸ்டீபன் சோண்டேர்ஸ் எனும் முன்னாள் பிரித்தானிய உளவாளியின் கையில் ‘கோர்டில்லா’ என்ற கற்பனை வைரஸ் கிடைக்கின்றது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரையும் ஜனாதிபதியையும் அவன் அதனைக் காட்டி அச்சுறுத்துகின்றான். அவனை வெல்லப் புறப்படுபவன் ஜாக் பௌவர்.

இருபத்து நான்கு அங்கங்களையும் இக்கட்டுரையாளன் மிக்க ஆர்வத்துடன் பார்த்தான் என்பதை இவ்விடத்திற் கூறிவிடுதல் முறை. அதற்காக வெட்கப்படுவதற்கும் எதுவுமில்லை. கதையின் முடிச்சு இறுகும்போது மூச்சு நிற்பது மனித இயல்பு. மகாபாரதக் கூத்தில் அபிமன்யு சக்கர வியூகத்தினுள் நுழையும்போது விடிய விடிய விழித்திருந்த எமது முன்னோருக்கும் அவ்வியல்பு இருந்தது. சுவையை மறுத்துவிட்டுத் தொடங்கும் விமரிசனம் விமரிசனமன்று. அது வெறும் விரதம்.

ஆயின் சுவை எங்கிருந்து வருகின்றது என்று கேட்பது விமரிசகனின் கடமை. இத்தொடரில் அது இரு வேறு ஊற்றுகளிலிருந்து வருகின்றது. அவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலேயே எமது நண்பர்கள் ஏமாந்துபோகின்றனர்.

முதலாவது ஊற்று ஹோட்டல் அங்கங்கள். நகரின் பெரிய ஹோட்டல் ஒன்றின் காற்றோட்டக் குழாய்களில் வைரஸ் விடப்படுகின்றது. கதவுகள் அடைக்கப்படுகின்றன. உள்ளே அகப்பட்டோரைக் காக்க வழியில்லை. அவர்கள் வெளியேறாமற் பார்த்துக்கொள்வதே வெளியிலுள்ளோரைக் காக்கும் ஒரே வழி. அப்பொறுப்பு மிஷெல் டெஸ்லர் என்ற பெண் அதிகாரியின் தலையிற் சுமத்தப்படுகின்றது. தானும் தொற்றுக்குள்ளாகியிருக்கலாம் என்பதை அறிந்துகொண்டே அவள் அதனைச் செய்கின்றாள். வேதனை மிகுந்தோருக்கு விரைந்து இறக்கும் மாத்திரை வழங்கப்படுகின்றது. இங்கே அடிப்பதற்கு ஒரு முகமில்லை. சுடுவதற்கு ஓர் எதிரியில்லை. நோயென்பது சமூகத்தின் பிரச்சினை, ஒருவருடைய மூச்சு மற்றொருவருடைய விதி என்னும் உண்மை இத்தொடரில் இவ்விடத்தில் மாத்திரமே தலைகாட்டுகின்றது. 2020 ஆம் ஆண்டை வாழ்ந்து கடந்தவர்களுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. என் கணிப்பில் முழுத் தொடரிலும் கலையென்று கூறத்தக்க பகுதி இதுவே.

இரண்டாவது ஊற்று விசாரணை அறை. கடிகாரம் துடிக்கின்றது, கைதி வாய் திறக்க மறுக்கின்றான், சட்டம் தடுக்கின்றது, வீரன் சட்டத்தை ஒதுக்கிவிட்டுக் கைதியை வதைக்கின்றான், உண்மை வெளிவருகின்றது. இத்தொடரின் முதல் ஐந்து பருவங்களில் 67 சித்திரவதைக் காட்சிகள் உண்டென அமெரிக்காவின் பெற்றோர் தொலைக்காட்சி மன்றம் கணக்கிட்டது. எண்ணிக்கையைக் காட்டிலும் முக்கியமானது அக்காட்சிகளின் இலக்கணம். வீரன் வதைக்கும் மனிதன் பெரும்பாலும் குற்றவாளியாகவே இருப்பான். அவன் கூறுவது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அதுவும் நேரம் முடிவதற்குச் சற்று முன்னரே வந்துசேரும். இம்மூன்றில் ஒன்றையேனும் நீக்கிப் பாருங்கள், வீரன் கொடியவனாகிவிடுவான். ஆகவேதான் கதாசிரியர் அவற்றை நீக்குவதில்லை.

மூன்றாம் பருவத்தின் உச்சக்கட்டத்தை நோக்குவோம். பிடிபட்ட சோண்டேர்ஸ் பேச மறுக்கின்றான். பௌவர் அவனுடைய மகளை அந்த ஹோட்டல் வாயிலுக்குக் கொண்டுவரச் செய்து, பேசாவிடில் அவளை வைரஸ் நிறைந்த கட்டடத்தினுள் அனுப்புவேன் என்கின்றான். அப்பெண் எக்குற்றமும் அறியாதவள். தந்தை உடைந்துபோய் எல்லாவற்றையும் கூறிவிடுகின்றான். பார்த்திருந்த எம்மவரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். எதற்கு நிம்மதி? நிரபராதி ஒருத்தியின் உடலை நோயினால் அச்சுறுத்தித் தன் காரியத்தைச் சாதிப்பதன்றோ உயிரியற் பயங்கரவாதம்? சோண்டேர்ஸ் ஒரு நகரத்துக்குச் செய்ததைப் பௌவர் ஒரு பெண்ணுக்குச் செய்கின்றான். வேற்றுமை அளவில் மாத்திரமே உண்டு. அவ்வேற்றுமையையும் எம் கண்ணிலிருந்து மறைப்பது அந்தக் கடிகாரம். எதிரியின் கட்டளைப்படி, ஜனாதிபதியின் சம்மதத்துடன், சப்பல் என்ற தன் மேலதிகாரியையே பௌவர் புகையிரதத் தரிப்பிடத்தில் வைத்துச் சுட்டுக்கொல்லும் காட்சியும் இத்தகையதே. அங்கே தொடர் சற்றுத் தயங்குகின்றது, துக்கப்படுகின்றது என்பதை ஒப்புக்கொள்கின்றேன். ஆயினும் அடுத்த மணித்தியாலம் தொடங்கிவிடுகின்றது.

“இதெல்லாம் கற்பனைதானே” என்பார்கள். உண்மையில் நடந்தவற்றைப் பார்ப்போம். 1984 இல் ஒரேகன் மாநிலத்தின் த டால்ஸ் நகரில் ரஜனீஷ் குழுவினர் உணவகங்களின் சலாட் தட்டுகளில் சல்மனெல்லாக் கிருமியைக் கலந்தனர். உள்ளூர்த் தேர்தலொன்றைத் தமக்குச் சாதகமாக்குவதே நோக்கம். 751 பேர் நோயுற்றனர், எவரும் இறக்கவில்லை. உணவு கையாளுவோரின் சுத்தக்குறைவே காரணமென்று முதலிற் கருதப்பட்டது. அது சதியென வெளிப்பட மறு ஆண்டாயிற்று. அங்கே எந்தக் கடிகாரமும் துடிக்கவில்லை.

2001 இல் அந்திராக்ஸ் தூள் இடப்பட்ட கடிதங்கள் அமெரிக்காவில் ஐவரைக் கொன்றன. மேலும் 17 பேர் நோயுற்றனர். செனற் அலுவலகக் கட்டடம் மூடப்பட்டு அங்குள்ளோருக்கு உடனடியாக மருந்து வழங்கப்பட்டது. அக்கடிதங்கள் கடந்துவந்த வாஷிங்டன் அஞ்சல் நிலையமோ மேலும் சில நாட்கள் இயங்கிக்கொண்டிருந்தது. அங்கு வேலைசெய்த தொழிலாளர் இருவர் இறந்தனர். அவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது சித்திரவதையன்று. உரிய வேளையிற் கிடைத்திருக்க வேண்டிய அன்ரிபயோற்றிக் குளிசைகள். இதைப் பற்றி எழுத எந்தப் பௌவரும் தேவையில்லை.

அக்குற்றவாளியைத் தேடிய கதை இன்னும் படிப்பினை மிக்கது. ஸ்டீவன் ஹற்ஃபில் என்ற விஞ்ஞானியை 2002 இல் அந்நாட்டுச் சட்டமா அதிபரே பகிரங்கமாகச் சந்தேக வட்டத்தினுள் நிறுத்தினார். அம்மனிதர் பல ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டார்; தொழிலை இழந்தார். 2008 இல் அவர் குற்றமற்றவரென அரசு ஒப்புக்கொண்டு, சுமார் 58 இலட்சம் டொலர் இழப்பீடு வழங்க உடன்பட்டது. பின்னர் புலனாய்வாளர் சுட்டிக்காட்டியவர் அமெரிக்க இராணுவத்தின் சொந்த ஆய்வுகூடத்தில், ஃபோர்ட் டெட்ரிக்கில், பணியாற்றிய புரூஸ் ஐவின்ஸ். அவர் வழக்கு முன்னரே 2008 இல் தற்கொலை செய்துகொண்டார். விஞ்ஞானச் சான்றை மட்டும் கொண்டு அந்தத் தூளின் பிறப்பிடத்தை முடிவாகக் கூறவியலாதென அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் குழு 2011 இல் அறிவித்தது. இனி நண்பர்கள் கூறட்டும்: 2002 இல் ஒரு ஜாக் பௌவர் இருந்திருந்தால் கதிரையிற் கட்டப்பட்டிருப்பவர் யார்? ஹற்ஃபில் அன்றோ? அவர் ‘உண்மை’யைக் கூறியுமிருப்பார், வலி தாளாத எவரும் கூறுவர்.

பெரிய நோய்க்கிருமிக் கிடங்குகள் எவருடையவை என்பதும் சிந்திக்கத்தக்கது. 1979 இல் சோவியத் நாட்டின் ஸ்வெர்ட்லொவ்ஸ்க் நகரில் இராணுவ நிலையமொன்றிலிருந்து கசிந்த அந்திராக்ஸ் குறைந்தது 66 உயிர்களைப் பறித்தது. பழுதுற்ற இறைச்சியே காரணமென்று அரசு சாதித்தது. 1992 இலேயே யெல்ற்சின் உண்மையை ஒப்புக்கொண்டார். சீன மண்ணில் கைதிகள்மீது கிருமிகளைப் பரிசோதித்த ஜப்பானிய 731 ஆம் பிரிவின் தலைவன் இஷியைத் தண்டியாமல் விட்டு, அவனிடமிருந்து தரவுகளைப் பெற்றுக்கொண்டது அமெரிக்கா. தொடரின் வில்லனும் ஓர் அரசின் உளவுத்துறை வளர்த்தெடுத்தவனே. கதாசிரியர் இவ்வுண்மையின் வாசல்வரை வந்துவிட்டு, அதனை ஒரு தனிமனிதனின் வன்மமாகச் சுருக்கித் திரும்பிவிடுகின்றனர்.

கற்பனை நிஜத்தைத் தீண்டுவதில்லை என்போருக்கு இரு செய்திகள். 2006 நவம்பரில் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியின் பீடாதிபதி பிரிகேடியர் ஜெனரல் பற்றிக் ஃபினெகன் இத்தொடரின் தயாரிப்பாளர்களைத் தேடிச்சென்று முறையிட்டார். சித்திரவதை தவறென்று தம் மாணவருக்குக் கற்பிப்பது இத்தொடராற் கடினமாகின்றது என்பதே அம்முறையீடு. 2007 இல் ஒட்டாவாவில் நடந்த சட்டவியலாளர் கூட்டமொன்றில் அமெரிக்க உயர் நீதிமன்ற நீதியரசர் ஸ்காலியா, நகரைக் காத்த ஜாக் பௌவரை எந்த யூரர் குழு தண்டிக்கும் என்று கேட்டார். இராணுவத் தளபதி கதைக்கு அஞ்சினார். நீதியரசர் கதையை மேற்கோள் காட்டினார். இதற்குப் பின்னும் ‘வெறும் பொழுதுபோக்கு’ என்போர் அந்நீதியரசரைக் காட்டிலும் கதையைச் சாதாரணமாக எண்ணுகின்றனர் போலும்!

எமக்கு இவ்விவாதம் தூரத்து விவாதமன்று. 1979 இல் தற்காலிக ஏற்பாடென இயற்றப்பட்டு 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கின்றது. அது அச்சுறுத்திப் பெறப்பட்டதென நிரூபிக்கும் பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவன்மீதே சுமத்தப்பட்டது. பௌவரின் இலக்கணம் இதுவேயன்றோ? கைதி குற்றவாளி, அவன் கூறியது உண்மை, அது எவ்வாறு பெறப்பட்டதென்பது அவனுடைய பிரச்சினை. அவ்வறைகளிலிருந்து திரும்பியோரையும் திரும்பாதோரையும் அறிந்த குடும்பங்களிலிருந்து வந்த மாணவர், விடுதிக் கட்டிலில் அமர்ந்து, “அடியடா, சொல்லுவான்” என்று திரையை நோக்கிக் கூவுவதைக் கேட்ட காதுகள் என்னுடையவை. அக்கூவலை எழுப்பிய தொடரைத் தடைசெய்யக் கோரவில்லை. ஹோட்டல் அங்கங்களை அடுத்த தவணையில் நானே மீண்டும் போட்டுக்காட்டச் சித்தமாயிருக்கின்றேன். விசாரணை அறைக் காட்சி வரும்போது மட்டும், அந்தக் கதிரையில் அமர்த்தப்பட்டிருப்பவன் பெயரை நாம் ஏன் ஒருபோதும் எம் பெயராக எண்ணிப் பார்ப்பதில்லை என்று அந்நண்பர்களிடம் கேட்க இருக்கின்றேன்.