கடலுக்குள் படச்சுருளா, மின்னிலக்கமா?



படச்சுருள் கேமரா இளையோரிடையே மீண்டும் மதிப்புப் பெற்று வருகிறது. ஒருமுறை மட்டுமே பயன்படும் நீர்புகாப் படச்சுருள் கேமராக்களும் விற்பனையில் உள்ளன. ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் தீவுகளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் சிலர், "மின்னிலக்கக் கேமரா கொடுத்தால் பிள்ளை கண்டபடி எடுத்துத் தள்ளுவான், படச்சுருள் என்றால்தான் பொறுமை வரும்" என்கின்றனர். ஆசிரியர்களிலும் இக்கருத்து உடையோர் உளர். கரையில் இதை நானும் ஏற்பேன். கடலுக்குள் ஏற்க இயலாது.

படச்சுருளின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. 1893-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பூத்தான் கண்ணாடித் தகட்டைக் கொண்டே கடலடியில் படமெடுத்தார். 1963-இல் நிக்கான் நிறுவனம் வெளியிட்ட நிக்கோனாஸ், தனி உறை ஏதுமின்றி நீருக்குள் இயங்கியது. 2001-இல் உற்பத்தி நிற்கும்வரை முக்குளிப்போர் பலரின் கைக்கருவியாக அது விளங்கியது. ஆனால், அவர்கள் தேர்ந்த கலைஞர்கள். நாம் பேசுவது முதன்முறையாக மூச்சுக்குழாயுடன் நீந்தும் மாணவனைப் பற்றி.

நீரின் இயல்பை முதலில் நோக்குவோம். நீர் சிவப்பு நிறத்தை முதலில் விழுங்கும். ஐந்து மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு பெரிதும் மங்கிவிடும். அதன்பின் செம்மஞ்சளும் மஞ்சளும் மங்கும். நம் கண்ணும் மூளையும் ஓரளவு ஈடுசெய்துகொள்வதால் அந்த இழப்பு நமக்கு முழுமையாகத் தெரிவதில்லை, படத்தில் தெரிந்துவிடும். மேலும், ஒளிவிலகலால் ஒரு மீட்டர் தொலைவில் உள்ள மீன் முக்கால் மீட்டரில் இருப்பதுபோல் தோன்றும். "மிக அருகில் எடுத்தேன், ஆசிரியரே" என்பான் மாணவன். படத்திலோ நீலப் புகைக்குள் ஒரு சிறு புள்ளிதான் இருக்கும்.

இப்பிழைகள் எவர்க்கும் நேரும். அவற்றை எப்போது காண்கிறோம் என்பதே கேள்வி. படச்சுருளைக் கழுவி எடுக்க நாள்கள் ஆகும். சில ஊர்களில் வாரங்கள் ஆகும். அப்போது அந்த மீனும் இருக்காது. அன்றைய ஒளியும் இருக்காது. சொல்வதெழுதுதல் பயிற்சியைத் திருத்தி ஒரு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தால் மாணவன் என்ன கற்பான்? மின்னிலக்கத் திரையில் பிழை அங்கேயே தெரிகிறது. இன்னும் அரை மீட்டர் நெருங்கலாம். வெள்ளைப் பலகை ஒன்றை அதே ஆழத்தில் பிடித்து வெண்சமநிலையைச் சரிசெய்யலாம். ஒளி குறைந்தால் ஒளியுணர்திறனைக் கூட்டலாம். படச்சுருளிலோ சுருள் முழுமைக்கும் ஒரே உணர்திறன்தான். நீருக்குள் சுருளை மாற்றவும் முடியாது.

அப்படியானால் பொறுமை? அதைக் கற்பிக்க வேண்டியவர்கள் நாம். "ஒரு நீச்சலுக்கு இருபது படம். கரைக்கு வந்ததும் மூன்றைத் தேர்ந்தெடு. ஏன் அவை என்று சொல்" என விதி வகுத்தால் போதும். முப்பத்தாறோடு சுருள் தீர்ந்துபோவதைவிட, காரணம் சொல்லித் தேர்ந்தெடுப்பது சிறந்த பயிற்சி.

மின்னிலக்கத்திற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. உப்புநீர் புகுந்தால் கருவி பாழாகிவிடும். உறையின் இரப்பர் வளையத்தில் ஒரு முடியோ மணல் துகளோ இருந்தாலே நீர் கசியக்கூடும். ஆகவே, கடலில் இறங்குமுன் வளையத்தைத் துடைத்துப் பார்ப்பது, வெற்று உறையை நன்னீரில் அமிழ்த்திச் சோதிப்பது, திரும்பியதும் நன்னீரில் ஊறவைப்பது ஆகியவற்றை மாணவர்களே செய்யட்டும். விலையுயர்ந்த கருவியும் வேண்டியதில்லை. 15 மீட்டர் ஆழம்வரை தாங்கும் சிறு கேமராக்கள் உள்ளன. நீர்ப்பரப்பில் நீந்தும் பிள்ளைக்கு அதுவே மிகுதி.

எனினும், எந்தக் கேமராவைவிடவும் பவளப்பாறையே பெரிது. கற்பாறைபோல் திரண்டு வளரும் பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கின்றன. படத்திற்காக ஒரு பிள்ளை அதன்மேல் காலூன்றினால் பல்லாண்டு வளர்ச்சி நொடியில் நொறுங்கும். எதையும் தொடாமல் மிதக்கத் தெரியும்வரை பிள்ளையின் கையில் எந்தக் கேமராவும் வேண்டா.

2010-இல் கடல்நீர் வெப்பத்தால் பவளங்கள் வெளுத்தபோது, தியோமான், ரெடாங் போன்ற தீவுகளில் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை நம் அரசு தற்காலிகமாக மூடியது. மின்னிலக்கப் படம் ஒவ்வொன்றிலும் நாளும் நேரமும் பதிவாகின்றன. அதே பாறையை அடுத்த ஆண்டு மாணவர் மீண்டும் எடுத்து இரண்டையும் அருகருகே வைத்தால், வெளுத்த பகுதி எது, தேறிய பகுதி எது என்று அவர்களே காண்பார்கள். அறிவியல் பாடத்திற்கு இதைவிடச் சிறந்த துணைக்கருவி கிடைப்பது அரிது.

பள்ளியின் நிழற்படக் கழகத்தில் படச்சுருளைத் தாராளமாகக் கற்பியுங்கள். பள்ளித் திடலில் ஒரு சுருள், கழுவி வந்தபின் ஒரு கலந்துரையாடல் என்று வைத்துக்கொள்ளலாம். தீவுக்குப் புறப்படும்போது மட்டும் மின்னிலக்கக் கேமராவை எடுத்துச் செல்லுங்கள். வெள்ளைப் பலகையையும் மறவாதீர்கள்.