ட்ரிப்பின் கடைசி ரெண்டு நாள்... வெனிஸ் உங்களிடம் ஏன் காசு கேட்கிறது?

பத்து நாள் இத்தாலி ட்ரிப்பில் எட்டு நாள் ஓடிவிட்டது. ரோம் முடிந்தது, ஃப்ளோரன்ஸ் முடிந்தது. துவைக்காத துணி மேலே ஏறி, சூட்கேஸ் ஜிப் மூட அடம்பிடிக்கிறது. கையில் மிச்சமிருக்கும் யூரோவை எண்ணிப் பார்த்தால் லேசாக வயிற்றைப் பிசைகிறது. சரியாக இந்த நேரத்தில்தான் அந்தப் பேச்சு வரும்.

"நாளைக்கு ஒரே நாள்ல வெனிஸ் போயிட்டு வந்துடலாம். ரெண்டு மணி நேர ட்ரெயின்தானே?" என்பார் ஒருவர். "கால் வலிக்குது. எங்கயாவது உட்கார்ந்து நிம்மதியா ஒரு காபி குடிச்சா போதும்" என்பார் மற்றவர். யார் எந்தப் பக்கம் என்பது உங்கள் வீட்டைப் பொறுத்தது.

இந்தச் சண்டைக்குள் இப்போது மூன்றாவதாக ஒருவர் நுழைந்திருக்கிறார். வெனிஸ் மாநகராட்சி!

காலையில் வந்து, நாலு போட்டோ எடுத்து, சாயங்காலம் கிளம்பிவிடும் பயணிகளிடம் 2024 ஏப்ரல் 25 முதல் அந்த நகரம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. முதல் வருடம் 29 நாட்களுக்கு, தலைக்கு 5 யூரோ. 2025-ல் 54 நாட்களாக்கினார்கள். முன்கூட்டியே பதிவு செய்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் எடுத்தால் 10 யூரோ. 2026-க்கு 60 நாட்கள். காலை 8.30 முதல் மாலை 4 மணி வரைக்கும்தான் இந்தக் கணக்கு. க்யூ.ஆர் கோடு இல்லாமல் மாட்டினால் 50 முதல் 300 யூரோ வரை அபராதம். ஒரு யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிற காலத்தில், இருவருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. வெனிஸ் மாநகராட்சி எல்லைக்குள் ராத்திரி தங்குபவர்களுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. அவர்கள் ஏற்கெனவே ஹோட்டல் பில்லில் தங்கும் வரி கட்டுகிறார்கள். கட்டண விலக்குக்கு ஆன்லைனில் பதிவு மட்டும் செய்துவிட வேண்டும். ஆக, குறி வைக்கப்படுவது 'கடைசி நாள்ல அதையும் பார்த்துட்டு வந்துடலாம்' டைப் ஆட்கள்தான். சுருக்கமாகச் சொன்னால், நாம்தான்.

கேட்டவுடன் கோபம் வருவது நியாயம். ஊருக்குள்ள நடக்கவே காசா? ஆனால், அந்தப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பார்க்கணும். 1951-ல் வெனிஸின் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-ல் அது 50,000-க்கும் கீழே போய்விட்டது. அந்தச் சின்னத் தீவுக்கு வந்துபோகிறவர்களோ வருடத்துக்கு இரண்டு கோடிக்கு மேல் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். வீடுகள் டூரிஸ்ட் அறைகளாகின்றன. மளிகைக் கடை இருந்த இடத்தில் முகமூடி, காந்தம் விற்கும் கடை வருகிறது. பகல் பயணி பெரும்பாலும் தண்ணி பாட்டிலைப் பையில் கொண்டுவருகிறார். ஒரு பீட்சா துண்டு வாங்குகிறார். குப்பையைப் போட்டுவிட்டுக் கிளம்புகிறார். அந்தக் குப்பையை அள்ளி, படகில் ஏற்றி வெளியே கொண்டுபோகிற செலவு ஊருக்கு.

"சரி, நான் எங்கயும் சுத்தல, ஒரு ஓரமா உட்கார்ந்து காபி குடிக்கிறேன்" என்றால் அதற்கும் விதி இருக்கிறது. 2019-ல் ஜெர்மனியிலிருந்து போன இரண்டு பேர், புகழ்பெற்ற ரியால்டோ பாலத்தின் படியில் குட்டி ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காபி போட்டார்கள். 950 யூரோ அபராதம், கூடவே ஊரைவிட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு. உலகத்திலேயே காஸ்ட்லியான காபிகளில் ஒன்றாக அது இருந்திருக்கும்!

கட்டணத்தால் கூட்டம் குறைந்ததா? இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. 2024-ல் சுமார் 24 லட்சம் யூரோ வசூல். 2025-ல் 50 லட்சத்தைத் தாண்டியது. வசூல் ஏறினால் கூட்டம் அசரவில்லை என்றுதான் அர்த்தம். அத்தனை தூரம் விமானம் ஏறிப் போனவர், அஞ்சு யூரோவுக்காகவா திரும்பிவிடுவார்?

நம்மூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. 2025-ல், கோடை சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்று எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு போட்டார்கள். அதை எவ்வளவு சரியாக அமல்படுத்துகிறார்கள் என்பது வேறு கதை. ஆனால், வெனிஸில் அப்படி உச்சவரம்பே கிடையாது. காசு கட்டினால் எத்தனை பேர் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். உள்ளூர்க்காரர்களே 'எங்க ஊரை டிக்கெட் வாங்கிப் பார்க்கிற தீம் பார்க் ஆக்கிட்டீங்க' என்று 2024-ல் தெருவில் இறங்கினார்கள். 2025 ஜூனில் ஜெஃப் பெசோஸின் கல்யாணம் அங்கே தடபுடலாக நடந்தபோது போராட்டம் மறுபடியும் சூடுபிடித்தது. பணக்காரருக்குச் சிவப்புக் கம்பளம், பேக்பேக் மாட்டியவருக்கு க்யூ.ஆர் கோடா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

ரோமும் இதே பாதையில் வந்துவிட்டது. ட்ரெவி நீரூற்றின் அருகே இறங்கிக் காசு சுண்டிப் போட, 2026 பிப்ரவரியிலிருந்து வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ. காசு போடவும் காசு!

இப்போது உங்கள் சண்டைக்கு வருவோம். உளவியலாளர் டேனியல் கானெமன் 1993-ல் தன் குழுவோடு ஒரு பரிசோதனையை வெளியிட்டார். குளிர்ந்த நீரில் 60 விநாடிகள் கையை வைக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 விநாடிகள், அதற்கு மேல் இன்னும் 30 விநாடிகள். ஆனால், அந்த 30 விநாடிகளில் நீரின் குளிர் லேசாகக் குறையும். 'எதைத் திரும்பச் செய்வீர்கள்?' என்று கேட்டபோது, பெரும்பாலானோர் நீளமான இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள். எவ்வளவு நேரம் கஷ்டப்பட்டோம் என்பதைவிட, உச்சத்தில் எப்படி இருந்தது, எப்படி முடிந்தது என்பதுதான் நினைவில் தங்குகிறது என்றார்கள்.

ஹனிமூன் ஒன்றும் ஐஸ் தண்ணி இல்லைதான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். நாலரை மணிக்கு அலாரம், ஓடிப்போய் ட்ரெயின், சான் மார்கோ சதுக்கத்தில் வெயிலோடு வரிசை, 'நீதான் லேட் பண்ணுன' என்ற முணுமுணுப்பு, மறுபடியும் ட்ரெயின், அடுத்த நாள் ஃப்ளைட். வீட்டுக்கு வந்த பிறகு அந்த ட்ரிப்பே அப்படித்தான் இருந்தது என்று மனசு எழுதி வைத்துக்கொண்டால்?

அதனால் என் கட்சி இதுதான்: வெனிஸைக் கடைசி நாள் ஓட்டமாகச் செருகாதீர்கள். ஒன்று, அடுத்த தடவைக்கு விட்டுவிடுங்கள். இல்லை, ஒரு ராத்திரியாவது தங்குங்கள். பகல் கூட்டம் கிளம்பிய பிறகு அந்தச் சந்துகள் வேறு ஊராக மாறும். கார், பைக் சத்தமே கிடையாது. செருப்புச் சத்தமும் தண்ணீர் சத்தமும்தான். வழி தெரியாமல் இருவரும் சுற்றினாலும் பெரிய நஷ்டம் இல்லை.

தங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. உள்ளூர்க்காரர் வாடகைக்கு இருந்திருக்க வேண்டிய வீட்டை நீங்கள் ஆப்பில் புக் செய்தால், குறைந்துகொண்டிருக்கும் மக்கள்தொகையில் உங்களுக்கும் சின்னப் பங்கு உண்டு. லைசென்ஸ் உள்ள ஹோட்டல் கொஞ்சம் விலை கூடினாலும் அந்த உறுத்தல் குறைவு. பட்ஜெட் இடிக்கிறதா? மெஸ்த்ரே பக்கம் பாருங்கள். தீவுக்கு எதிரே, பத்து நிமிட ட்ரெயின் தூரத்தில் இருக்கும் பகுதி. அதே மாநகராட்சிதான் என்பதால் நுழைவுக் கட்டணம் அங்கே தங்குபவர்களுக்கும் இல்லை. டூர் பேக்கேஜில் 'வெனிஸ் ஸ்டே' என்று போட்டிருந்தால், அது பல நேரம் இந்த மெஸ்த்ரேதான். பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

கிளம்பும் நாளை முழுசாக ஏர்போர்ட்டுக்கு எழுதிவையுங்கள். ஒரே பில்லில் 70 யூரோவுக்கு மேல் வாங்கிய பொருளுக்கு வாட் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால், வாங்கும்போதே பாஸ்போர்ட் காட்டி அதற்கான படிவம் வாங்கியிருக்க வேண்டும். ஐரோப்பிய யூனியனைவிட்டு வெளியேறும் கடைசி ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ் ஒப்புதலும் வாங்க வேண்டும். 2025 அக்டோபரில் தொடங்கிய புது பயோமெட்ரிக் முறையால் பாஸ்போர்ட் வரிசையும் நீளலாம்.

அப்புறம் கோண்டோலா. பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, இரவு 7 மணிக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110. இது தலைக்கு அல்ல, படகுக்கு. அஞ்சு பேர் வரை ஏறலாம். இன்னொரு ஜோடியைச் சேர்த்துக்கொண்டால் பாதி விலை, ரொமான்ஸும் பாதி! அதுவும் வேண்டாமென்றால் 'த்ராகெத்தோ' இருக்கிறது. அதுவும் கோண்டோலா வகைப் படகுதான், பெருங்கால்வாயின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு. வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ. ரெண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். பல துறைகளில் மாலையோடு நிறுத்திவிடுவார்கள், அதனால் வெளிச்சம் இருக்கும்போதே போங்கள். சில்லறையாக எடுத்துப்போங்க.