நடுவராக வந்து கட்சிக்காரராதல்

ஒரு நாட்டில் மதப்பிரிவுகள் தமக்குள் மோதிக்கொள்ளும்போது வல்லரசு ஒன்று அங்கே படை அனுப்பலாமா? இக்கேள்வி எழும்போதெல்லாம் மனிதாபிமானத்தின் பெயரால் தலையிடவேண்டும் என்பர் ஒரு சாரார். அது ஏகாதிபத்தியத்தின் மறுபெயர் என்பர் மறுசாரார். இரு சாராரும் ஆராய்வது வல்லரசின் உள்நோக்கத்தையே. வந்திறங்கிய படையை அந்நாட்டு மக்கள் யாருடைய படையாகக் காண்கிறார்கள் என்பதே அதனினும் முக்கியமான கேள்வி என்பது என் கருத்து.

இதற்கு லெபனானை விடச் சிறந்த பாடம் இல்லை. ஐக்கிய அமெரிக்கா கால் நூற்றாண்டு இடைவெளியில் இருமுறை பெய்ரூட்டில் படை இறக்கிற்று. முதல்முறை காரியம் கைகூடியது. இரண்டாம் முறை பிணங்களைச் சுமந்துகொண்டு திரும்பியது.

லெபனானில் 1943 ஆம் ஆண்டின் எழுதப்படாத தேசிய உடன்பாட்டின்படி ஜனாதிபதி மரோனைற் கிறிஸ்தவர். பிரதமர் சுனி முஸ்லிம். சபாநாயகர் ஷியா முஸ்லிம். பாராளுமன்ற ஆசனங்கள் கிறிஸ்தவர்களுக்கு ஆறு, முஸ்லிம்களுக்கு ஐந்து என்ற விகிதத்தில் பகிரப்பட்டன. 1932 இன் குடிசனமதிப்பே இவற்றுக்கு ஆதாரம். அதன் பின்னர் அங்கே உத்தியோகபூர்வக் குடிசனமதிப்பு எடுக்கப்படவேயில்லை. தொகை மாறிவிட்டதென்பது எல்லோருக்கும் தெரியும். எண்ணிப் பார்க்கத்தான் எவருக்கும் துணிவில்லை.

1958 இல் ஜனாதிபதி கமீல் ஷமூனுக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. அவர் இரண்டாம் முறையும் பதவியில் தொடர முனைகிறார் என்பது எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டு. அவருடைய வேண்டுகோளின் பேரில், யூலை 15 ஆம் திகதி அமெரிக்கப் படை கரையிறங்கியது. ஏறத்தாழ 14,000 பேர் வந்தனர். ஆயினும் ஐசன்ஹோவரின் தூதர் றொபேட் மேர்பி, அழைத்தவரின் நாற்காலியைக் காப்பதே தம் பணியெனக் கொள்ளவில்லை. எதிரணித் தலைவர்களையும் சந்தித்தார். இரு தரப்பும் ஏற்கக்கூடிய இராணுவத் தளபதி புவாட் ஷெஹாப் ஜனாதிபதியானார். எதிரணியைச் சேர்ந்த ரஷீத் கராமி பிரதமரானார். ஒக்டோபரில் படை வெளியேறியது.

இனி 1982. அவ்வாண்டு யூனில் இஸ்ரேல் லெபனான் மீது படையெடுத்தது. பாலஸ்தீனப் போராளிகள் பெய்ரூட்டை விட்டு வெளியேறுவதை மேற்பார்வையிட, ஓகஸ்டில் அமெரிக்க, பிரெஞ்சு, இத்தாலியப் படைகள் வந்தன. எஞ்சியிருக்கும் பாலஸ்தீனக் குடிமக்களின் பாதுகாப்புக்கு அமெரிக்கா உறுதியளித்திருந்தது. போராளிகள் போனதும் படைகளும் போய்விட்டன. சில நாட்களில், ஜனாதிபதியாகத் தெரிவாகியிருந்த பஷீர் ஜெமாயெல் கொல்லப்பட்டார். செப்டெம்பர் 16 முதல் 18 வரை, இஸ்ரேலியப் படை சூழ்ந்து நிற்க, சப்ரா, ஷட்டீலா முகாம்களில் கிறிஸ்தவ ஆயுதக்குழுவினர் பாலஸ்தீனரைக் கொன்று குவித்தனர். வாக்குக் கொடுத்துவிட்டுப் போவது, வாராமலே இருப்பதிலும் கொடியது.

குற்றவுணர்வோடு திரும்பி வந்த படை, இம்முறை வேறொரு தவறு செய்தது. 1983 செப்டெம்பர் 19 ஆம் திகதி, மலைப்பகுதியில் சூக் எல் கார்ப் என்ற இடத்தில் போரிட்ட லெபனான் இராணுவத்துக்கு ஆதரவாக அமெரிக்கப் போர்க்கப்பல்கள் பீரங்கிகளை முழக்கின. வாஷிங்டனுக்கு அது ஒரு நாட்டின் சட்டபூர்வமான இராணுவம். மலையிலிருந்த ட்ரூஸ் மக்களுக்கோ அது மரோனைற் ஜனாதிபதியின் படை. தரையிலிருந்த அமெரிக்கத் தளபதி கேணல் திமோதி ஜெராட்டி இந்த ஆபத்தை உணர்ந்து அவ்வுதவியை எதிர்த்தவர். அவர் அஞ்சியதே நடந்தது. ஒக்டோபர் 23 ஆம் திகதி, வெடிமருந்து ஏற்றிய வாகனங்கள் படை முகாம்கள் மீது மோதியதில் 241 அமெரிக்கப் படையினரும் 58 பிரெஞ்சுப் படையினரும் மாண்டனர். 1984 பெப்ரவரியில் அமெரிக்கா வெளியேறியது. உள்நாட்டு யுத்தமோ 1990 வரை நீடித்தது.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். பெய்ரூட்டில் கூத்தாடியும் பிழைக்கவில்லை.

'அப்படியாயின் கொலையைக் கண்டும் கைகட்டி நிற்பதா?' என்று கேட்பவர்களை நான் அலட்சியம் செய்யமாட்டேன். 1995 யூலையில், ஐ.நா.வின் பாதுகாப்பு வலயம் என அறிவிக்கப்பட்டிருந்த ஸ்ரெப்ரெனிற்சாவில் சுமார் 8,000 பொஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். அதன் பின்னரே நேட்டோ விமானங்கள் சேர்பியப் படைகளைக் கடுமையாகத் தாக்கின. நவம்பரில் டேற்றன் உடன்பாடு பிறந்தது. ஆனால் அங்கே நேட்டோ நடுவர் வேடம் பூண்டு குண்டு போடவில்லை. யாரைத் தாக்குகிறது, ஏன் தாக்குகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லிற்று. உடன்பாட்டின் பின் சுமார் 60,000 படையினரை நிறுத்தி, ஆண்டுக்கணக்கில் தங்கியும் இருந்தது. அப்படியிருந்தும் அந்த உடன்பாடு நாட்டை இன அடிப்படையில் கூறுபோட்டே அமைதியைத் தந்தது என்பதையும் மறக்கலாகாது.

இதனை ஈழத்தமிழ் வாசகருக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. நமது பிணக்கு மதப்பிரிவினது அல்ல, இனத்தினது. எனினும் 1987 யூலை உடன்பாட்டோடு அமைதி காக்க வந்த இந்தியப் படை, அதே ஒக்டோபரில் போரிடும் தரப்பாக மாறிய விதத்தை நாம் அறிவோம். மாலையிட்டு வரவேற்ற வீதிகளிலேயே அதற்குக் கண்ணிவெடி புதைக்கப்பட்டது.

ஆகவே என் நிலைப்பாடு இதுதான். அயல்நாட்டு மதப்பிரிவுப் பூசலில் வல்லரசு படை அனுப்புவது பொதுவிதியாக இருக்கலாகாது. பெருங்கொலை ஒன்றைத் தடுக்க வேறு வழியே இல்லையென்றால் மட்டும் அதனை ஏற்கலாம். அப்போதும், நடுவர் என்று சொல்லிக்கொண்டு ஒரு பிரிவின் பீரங்கியாக மாறக்கூடாது. காக்கிறோம் என வாக்களித்தால், காக்கவேண்டியவர்களின் ஆபத்து நீங்கும்வரை நிற்கவேண்டும். இவ்விரண்டுக்கும் ஆயத்தமில்லாத வல்லரசு, தன் கையாட்களுக்கு ஆயுதம் கொடுப்பதை நிறுத்தட்டும்; தப்பி ஓடிவரும் அகதிகளுக்குக் கதவைத் திறக்கட்டும். படையை அனுப்புமுன் செய்யக்கூடிய இந்த இரண்டையும் செய்யாத அரசுகளே, மனிதாபிமானம் பற்றி அதிகம் பேசுகின்றன.