நாலு அங்குல ஓட்டை

புயலுக்குப் பெயர் வைக்கிற விஷயத்தில் உலகமே ரொம்ப உஷார் சார். நம்ம பக்கத்துக் கடல்களில் வரும் புயல்களுக்கு இப்போது 13 நாடுகள் சேர்ந்து லிஸ்ட் போட்டு வைத்திருக்கின்றன. 2016-ல் வந்த 'வர்தா' பாகிஸ்தான் வைத்த பெயர். 2023-ல் வந்த 'மிக்ஜாம்' மியான்மர் கொடுத்தது. 2024-ல் வந்த 'ஃபெஞ்சல்' சவூதி அரேபியா உபயம். பிறக்காத குழந்தைக்குக்கூட இவ்வளவு முன்கூட்டியே பெயர் பார்க்க மாட்டார்கள்.

சரி, உங்கள் வீட்டு மொட்டை மாடியில் மழைத் தண்ணி இறங்குகிற ஓட்டை எந்த மூலையில் இருக்கு? டக்கென்று சொல்லுங்க பார்ப்போம்.

தலையைச் சொறியாதீங்க. முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஓட்டை நாலே அங்குலம். அதோடு, வடாம் காயப் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் அந்த மாடி நிரந்தரமாக நினைவில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஆயிரம் சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர். கோடையில் நாம் போன் மேல் போன் போட்டுக் கெஞ்சி வரவழைக்கிறோமே, அந்த ஒரு லாரித் தண்ணி! 2015 டிசம்பர் 1-ம் தேதி ஆரம்பித்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். அதாவது, ஒவ்வொரு ஆயிரம் சதுர அடி மாடியிலும் ஐந்து லாரி. அவ்வளவும் இரண்டு மூன்று பைப் வழியாக இறங்கியாகணும்.

இறங்கவிட்டால்தானே?

ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, வேப்பஞ்சருகு பறந்து வந்து மாடியில் படுத்துக்கொள்ளும். அப்புறம் அறுந்த பட்டம். காக்கா கூடு கட்டக் கொண்டுவந்து மனசு மாறிப் போட்டுவிட்டுப் போன குச்சி, கம்பி. புறா இறகு. அக்டோபர் மூணாவது வாரவாக்கில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கும். தீபாவளியும் அதை ஒட்டித்தான் வரும். பட்டாசுக் குப்பையும் மழையும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குகிற மாதிரி! ராக்கெட் குச்சியும் சரவெடிக் காகிதமும் ஊறிக் கூழாகிவிட்டால், எந்த கம்பெனி பசையும் அதுக்கு ஈடாகாது.

ஓட்டை அடைத்தால் என்ன ஆகும்? கைப்பிடிச் சுவர் நாலு பக்கமும் இருப்பதால் மாடி தொட்டியாகிவிடும். ஆயிரம் சதுர அடியில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணி நின்றால் எடை 28 டன். தலைக்கு மேலே ஏறக்குறைய 25 அம்பாசிடர் காரை பார்க் பண்ணிவிட்டு நாம் கீழே படுத்துத் தூங்குகிறோம் என்று அர்த்தம். அந்தத் தண்ணி விரிசல் தேடும். கான்கிரீட்டுக்குள்ளே ஒயர் போகிற பைப்பைப் பிடித்து, நேராக ஃபேன் கொக்கி வழியாக இறங்கும். அப்படிச் சொட்டினால் ஃபேன் சுவிட்சைத் தொடாதீங்க. கையும் தரையும் ஈரமில்லாமல் இருந்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

நண்பன் ஒருத்தன் குடியிருக்கும் அபார்ட்மென்ட் கதையைச் சொல்கிறேன். செப்டம்பரில் மீட்டிங் போட்டார்கள். மாடியைச் சுத்தம் பண்ண ஆள் வைக்கணும், வீட்டுக்கு ஐம்பது ரூபாய்.

"தரைத் தளத்துக்காரன் நான். மாடி ஒழுகினா எனக்கென்ன சார்?"

"மாடி பொதுச் சொத்து. மேல் வீட்டுல இருக்கேன்கிறதுக்காக நானா தலையில கட்டிக்கணும்?"

"நான் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. என்னை விட்டுடுங்க."

கடைசியில் பஜ்ஜி சாப்பிட்டுக் கலைந்தார்கள். பஜ்ஜிக்குத் தலைக்கு அறுபது ரூபாய் ஆனதாம்.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. சாப்பிடக் கூப்பிட்டானே என்று அவன் வீட்டுக்குப் போன நான், மிக்ஜாம் மழையில் மாட்டிக்கொண்டேன். ராத்திரி இரண்டு மணி. கரண்ட் இல்லை. மேல் வீட்டில் ஃபேன் வழியாகத் தண்ணி. மாடிக் கதவு வாசற்படியைத் தாண்டிப் படிக்கட்டில் அருவி. எல்லா வீட்டு ஆண்களும் டார்ச்சோடு கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு யோசனை. திடீரென்று ஒரு குரல்: "வாட்ச்மேனைக் கூப்பிடுங்கப்பா!"

அறுபது வயசைத் தாண்டிய மனுஷன். தலையில் பாலிதீன் பை, மடித்துக் கட்டின கைலி. கெண்டைக்கால் தண்ணியில், சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். நானும் நண்பனும் பின்னாலேயே போய் டார்ச் அடித்தோம். காற்று எங்களைத் தள்ளிய தள்ளில் வெளிச்சம் எங்கெங்கோ போனது. அவர் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, தோள் வரை கையை விட்டுத் துழாவினார். முதலில் ராக்கெட் குச்சிகள் வந்தன. அப்புறம் ஒரு கேரி பேக். கடைசியில், பைப் வாயில் சிக்கியிருந்த ஒரு டென்னிஸ் பால்! 'குபுக்'கென்று தண்ணி இறங்கியது. அவர் கையை வெளியே எடுத்தபோது உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது.

நண்பனின் மனைவி துணி கொண்டுவந்து கட்டினாள். பெரியவர் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்:

"முன்னாடியே சொல்லியிருந்தா வெயில்ல செஞ்சிருப்பேனே சார்."

அத்தனை பேர் நின்ற படிக்கட்டில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

என் பாயின்ட் இதுதான். அடைப்பை எடுக்கிற வேலை எப்படியும் யாராவது செய்தாகணும். வெயிலில் நாம் செய்யாவிட்டால், நடுராத்திரிப் புயலில் வேறொருத்தர் செய்வார். பெரும்பாலும், வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒருத்தர்.

அமெரிக்காவில் ஜூன் முதல் நவம்பர் வரை ஹரிகேன் சீசன். அங்கே நிறைய வீடுகளுக்குச் சரிவுக் கூரை, அதன் விளிம்பில் நீளமான தகர வாய்க்கால். சருகை அள்ள ஏணி போட்டு ஏறணும். நமக்குப் படிக்கட்டே இருக்கு, ஏறத்தான் ஆளில்லை. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

சருகைக் கூட்டிக் கோணியில் அள்ளுங்கள். பைப்புக்குள் தள்ளிவிட்டு 'கிளீன்' என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு வாளித் தண்ணி ஊற்றி, கீழே ஒருத்தரை நிற்க வையுங்கள். தண்ணி சரசரவென்று கொட்டினால் பாஸ். முனகிக்கொண்டே வந்தால் வளைவில் அடைப்பு இருக்கு, பிளம்பரைக் கூப்பிடுங்கள். தட்டையான ஜாலியை ஒரே ஒரு பாதாம் இலை மூடிவிடும். கவிழ்த்த கிண்ணம் மாதிரி மேடாக இருக்கிற ஜாலி போடுங்கள். 2003-ல் கட்டாயமான மழைநீர் சேகரிப்புத் தொட்டி உங்கள் வீட்டிலும் இருக்கும், செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் தேடிப் பாருங்கள். அதிலுள்ள ஜல்லியைக் கழுவிப் போட்டு, முதல் மழைத் தண்ணியை வெளியே விட்டுவிடுங்கள். பூந்தொட்டி, உடைந்த நாற்காலி எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். புயல் காற்றில் அவை பக்கத்துத் தெருவுக்குக் குடிபோய்விடும். தீபாவளிக்கு மறுநாள் இன்னொரு தடவை விளக்குமாறு. புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் மட்டும் யாரும் மேலே போக வேண்டாம், யாரையும் அனுப்பவும் வேண்டாம்.

மொட்டை மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் பேச்சிலர் தம்பிகளே, இது உங்களுக்கும்தான். உங்கள் வாசலிலேயே அந்த ஓட்டை இருக்கு. வருகிற ஞாயிறு, கிரிக்கெட் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வேலை முடிந்து டீ சொல்லும்போது, வாட்ச்மேன் பெரியவருக்கும் சேர்த்து ஒன்று சொல்லிவிடுங்கள்.