முதல் வழக்கைத் திருப்பி அனுப்பிய மகள்



அண்மையில் ஒரு தாய் தன் மகளையும் அழைத்துக்கொண்டு என்னைக் காண வந்தார். மகள் சட்டக் கல்லூரிப் படிப்பையும், சிரேஷ்ட சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதப் பயிற்சியையும் முடித்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணமும் செய்தவர். அன்று ஊரே வாழ்த்தியதாம். இன்று வீட்டில் முணுமுணுப்பு.

"ஹஸ்ரத், ஒரு வருஷமாகப் போகுது. காலையில கோட்டுக்குப் போறா, பின்னேரம் வாறா. பஸ் காசும் வாப்பாதான் கொடுக்கிறார். இப்ப வாசலுக்கு வந்த முதல் வழக்கையும் வேணாமெண்டு திருப்பி அனுப்பிட்டா. நீங்களாவது புத்தி சொல்லுங்க" என்றார் தாய்.

விஷயம் இதுதான். (ஊரையும் உறவையும் மறைத்தே எழுதுகிறேன்.) வசதியான உறவினர் ஒருவர். பெற்றோர் மௌத்தாகிவிட்டனர். வாரிசுகள் அவரும் அவருடைய ஒரே சகோதரியும் மட்டுமே. காணி முழுவதையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வழி பார்த்துத் தரும்படி கேட்டு, கை நிறையப் பணத்தோடு வந்திருக்கிறார். "தங்கச்சிக்குத்தான் சீதனமாக வீடு கொடுத்தாயிற்றே" என்பது அவர் வாதம்.

சகோதரிகளே! இந்த வாதத்தை நம் வீடுகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! பெற்றோர் உயிரோடிருக்கும்போது மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பு. அவர்கள் மௌத்தான பின் வருவது வாரிசுரிமை. முன்னது பின்னதை அழித்துவிடாது. மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்ற சூரத்துந் நிஸாவின் (4:11) கணக்குப்படி அந்தச் சகோதரிக்கு மூன்றில் ஒன்று உண்டு. அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி அதில் யாரும் கை வைக்க முடியாது. நமது நாட்டிலும் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் ஷரீஅத்தின் பங்கீட்டையே ஏற்றுள்ளது.

அந்தப் பிள்ளையிடம், "ஏன் மகள் மறுத்தீர்கள்?" என்று கேட்டேன். "ஹஸ்ரத், எனக்கு வேலை வேண்டும். ஆனால் அந்த மாமியின் ஹக்கைப் பறித்துத்தான் என் முதல் சம்பளம் வர வேண்டுமா?" என்றார். புத்தி சொல்ல என்னிடம் எதுவும் மிஞ்சவில்லை.

பிறருக்காக வழக்குப் பேசுவது நம் மார்க்கத்தில் புதியதல்ல. அலி (ரழி) அவர்கள் தம் வழக்குகளில் தமக்காகப் பேச அகீல் (ரழி) அவர்களையும், பின்னர் அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரழி) அவர்களையும் நியமித்ததை ஃபிக்ஹு நூல்கள் 'வகாலத்' பாடத்தில் குறிப்பிடுகின்றன. ஆனால் மோசடிக்காரருக்காக வாதாடக் கூடாது என்பது அல்குர்ஆனின் கட்டளை (4:105). வாதத் திறமையால் தன் சகோதரனின் உரிமையைத் தீர்ப்பாகப் பெறுபவன் நெருப்புத் துண்டையே பெறுகிறான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை உம்மு ஸலமா (ரழி) அறிவிக்கிறார்கள். இது புகாரியில் பதிவாகியுள்ளது. சட்டத்தரணியாகும் ஒவ்வொரு பிள்ளையும் மனதில் எழுதி வைக்க வேண்டிய ஹதீஸ் இது.

இனித் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. சத்தியப்பிரமாணம் செய்த மறுநாளே சம்பளம் வரும் தொழில் அல்ல இது. சிரேஷ்ட சட்டத்தரணியின் கீழ் கனிஷ்டராக இருந்து, கோவை சுமந்து, வழக்கு நடைபெறும் விதத்தைப் பார்த்துப் பார்த்தே கற்க வேண்டும். அந்தக் காலத்தில் கிடைப்பது சொற்பம். மகளைப் படிக்கவைத்த கை இன்னும் சில வருடங்கள் தாங்கத்தான் வேண்டும். "எப்போது உழைப்பாய்?" என்று நாள்தோறும் கேட்டால், பிள்ளை கண்ட வழக்கையும் எடுக்கத் துணிந்துவிடும். அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு வந்துவிடலாம் என்பதை அஞ்சிக்கொள்ளுங்கள்.

வேறு வாசல்களும் உண்டு. சட்டமா அதிபர் திணைக்களம், வசதியற்றோருக்கு உதவ 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, கம்பனிகளின் சட்டப் பிரிவுகள் முதலியவற்றின் விண்ணப்பங்களைக் கவனித்து வரலாம். நொத்தாரிசாகிக் காணி உறுதி எழுதலாம். ஆனால் வட்டிக் கணக்கை எழுதுபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் என்பதால், வட்டி ஈட்டு உறுதிகளைத் தவிர்ந்துகொள்ள வேண்டும்.

நம் பெண்களுக்குப் பெண் சட்டத்தரணியின் தேவை எவ்வளவு என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதியார் முன்னிலையில் சட்டத்தரணி ஆஜராவதில்லை. ஆனால் காதியார் விதித்த தாபரிப்பைக் கணவன் செலுத்தாவிட்டால் அதை அறவிட விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகிறது. கைக்குழந்தையோடு அங்கே நிற்கும் சகோதரி தன் குடும்பக் கதையை அந்நிய ஆணிடம் எப்படி விரிவாகச் சொல்வாள்? தன் கணவரைப் பற்றி முறையிட்ட கவ்லா (ரழி) அவர்களின் குரலை ஏழு வானங்களுக்கு அப்பாலிருந்து அல்லாஹ் செவியேற்று, 'முஜாதலா' சூராவை இறக்கினான். பெண்ணின் முறைப்பாடு நம் மார்க்கத்தில் அவ்வளவு கண்ணியமானது.

அந்தத் தாயிடம், "மகளைக் கண்டிக்காதீர்கள். நீங்களும் உங்கள் கணவருமாக அந்த உறவினரிடம் போய், அல்லாஹ்வுக்குப் பயந்து தங்கையின் பங்கைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். சமாதானமே சிறந்தது" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்த தாய், மகளின் முந்தானையைச் சரிசெய்தபடி, "நாளைக்கும் கோட்டுக்குப் போகணும்தானே, வா மகள். சாப்பாடு கட்டணும்" என்று எழுந்தார்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஸ்கைக் கொடுப்பாயாக! அநீதிக்குத் துணைபோகும் நாவிலிருந்து அவர்களைக் காப்பாயாக! ஆமீன்.