எண் தரும் முன் ஏட்டைத் திருத்துங்கள்

உங்கள் நிலத்தின் பட்டாவை எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பது உங்கள் பெயரா, மறைந்துபோன தந்தையின் பெயரா, அண்ணன் தம்பிகள் எல்லோரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவா? ஆதார் அட்டையில் உள்ள பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா? இனி அரசின் உதவி உங்களிடம் வந்து சேருவது பெருமளவு இந்தக் கேள்விகளுக்கான பதிலைப் பொறுத்தே அமையும்.

டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பர் 2 அன்று ஒப்புதல் அளித்தது. மொத்தச் செலவு ரூ.2,817 கோடி, அதில் மத்திய அரசின் பங்கு ரூ.1,940 கோடி. ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு தனித்துவ அடையாள எண், எந்தச் சர்வே எண்ணில் எந்தப் பயிர் என்ற பதிவு, கிராம வரைபடம் ஆகிய மூன்றும் இதன் அடித்தளம். திட்டம் டெல்லியில் வகுக்கப்பட்டாலும் நிலப் பதிவேடு மாநில அரசின் கையில்தான் இருக்கிறது. ஆகவே இது கரையேறுவதும் கவிழ்வதும் மாநிலங்களின் முன்னேற்பாட்டில்தான் உள்ளது. தமிழ்நாட்டில் 2025 தொடக்கத்தில் கிராமம்தோறும் பதிவு முகாம்கள் நடந்தன. முதலில் மார்ச் 31 என்று கெடு சொன்னார்கள். பிறகு அதை நீட்டித்தார்கள்.

இந்தத் தொழில்நுட்பம் நமக்குத் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எவ்வளவு பரப்பில் தக்காளி நடவாகியிருக்கிறது என்பது நாற்று ஊன்றிய வாரத்திலேயே தெரிந்தால், ராயக்கோட்டை மண்டிக்கு எவ்வளவு வரத்து வரும் என்று முன்கூட்டியே கணிக்கலாம். உரத் தேவை, பயிர்க் காப்பீடு, வறட்சி நிவாரணம் எல்லாவற்றுக்கும் சரியான சாகுபடிக் கணக்குதான் ஆதாரம். என் கவலை, வேலைகள் நடக்கும் வரிசையைப் பற்றியது. ஏட்டைச் சரிசெய்யாமல் எண்ணைக் கொடுக்கிறோம்.

குருபரப்பள்ளி பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலையும் சிப்காட்டும் வந்த பிறகு இங்கே நிலம் துண்டு துண்டாகக் கைமாறியது. பத்திரம் பதிவாகியும் உட்பிரிவு ஆகாத நிலங்கள் உண்டு. உரிமையாளர் பெங்களூரில் இருக்க, வாய்மொழிக் குத்தகைக்கோ வாரத்துக்கோ எடுத்தவர் ராகியும் அவரையும் விதைக்கும் வயல்களும் உண்டு. இது தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்த எல்லை மண். பட்டாவில் 'முனியப்பன்' என்றும் ஆதாரில் 'முனியப்பா' என்றும் இருப்பது இங்கே சாதாரணம். ஊருக்குத் தெரியும் இருவரும் ஒருவரே என்று. பெயரை ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளுக்குத் தெரியாது.

இந்தக் குழப்பம் நேற்று வந்ததல்ல. 1979இல் தொடங்கி எண்பதுகளில் முடிந்த யூடிஆர் நில உடைமைப் பதிவின்போது நேர்ந்த பிழைகளுக்காக இன்றும் வட்டாட்சியர் அலுவலகப் படியேறுகிறவர்கள் பலர். அந்தப் பதிவேடுதான் பின்னர் கணினிக்குள் ஏறியது. ஏட்டிலிருந்த பிழையும் கூடவே ஏறியது.

அவசரத்துக்குக் கொடுத்த விலை

அவசரம் என்ன செய்யும் என்பதை 2020இல் பார்த்தோம். ஆண்டுக்கு ரூ.6,000 தரும் பிஎம் கிசான் திட்டத்தில் தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கும் அதிகமான தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டு, சுமார் ரூ.110 கோடி அவர்கள் கணக்குகளுக்குப் போனது. அலுவலர்களின் கடவுச்சொல் இடைத்தரகர்கள் கைக்குப் போனதும், களத்தில் சரிபார்க்காமல் ஒப்புதல் தந்ததும் காரணங்கள். அன்று கதவு அகலத் திறந்திருந்ததால் தகுதியற்றவர் நுழைந்தார். இன்று கதவை இறுக்கியிருக்கிறோம். தகுதியுள்ளவர் வெளியே நிற்கிறார். இரண்டுக்கும் மூலம் ஒன்றே: களத்தில் சரிபார்க்க ஆளும் காலமும் ஒதுக்காதது.

2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்களை வயலுக்கு அனுப்பியபோதும் இதே குறைதான் தெரிந்தது. கூடுதல் வேலைக்குக் கிராம நிர்வாக அலுவலர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். படிக்க வந்த பிள்ளைகள் மழைக்காலத்தில் ஊர் பெயர் தெரியாத வயல்களில் கைப்பேசியோடு நடந்தார்கள். செயலி தயாராக இருந்தது. அதைக் கையில் எடுத்து நடக்க வேண்டியவர் யார், அவருக்கு என்ன கூலி என்பது தீர்மானமாகவில்லை.

அண்டை மாநிலங்கள் சொல்வது

எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகம் 2000ஆம் ஆண்டு வாக்கில் 'பூமி' திட்டத்தைத் தொடங்கியது. சுமார் 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடி பஹணிகளைக் கணினியில் ஏற்றினார்கள். ஏற்றியதை அச்சிட்டு, கிராமக் கணக்கர்களிடம் கொடுத்துச் சரிபார்க்கச் செய்த பிறகே கையெழுத்துப் பிரதிகள் செல்லாது என்று அறிவித்தார்கள். பட்டா மாற்ற மனுக்களை வந்த வரிசைப்படியே எடுக்க வேண்டும் என்று மென்பொருளே கட்டாயப்படுத்தியது. 2020இல் பயிர்க் கணக்கெடுப்பை விவசாயிகளே கைப்பேசியில் செய்ய வழி திறந்தார்கள். மீதியைக் கிராமத்து இளைஞர்கள் கூலி பெற்றுக்கொண்டு முடித்தார்கள். பதிவான பயிர் தவறென்றால் ஆட்சேபணை சொல்ல 'பெளெ தர்ஷக்' என்ற தனிச் செயலியும் உண்டு. அங்கே ராகியை ஆதரவு விலைக்கு விற்க, ஃப்ரூட்ஸ் தளத்தின் விவசாயி எண்ணும் பயிர்க் கணக்கெடுப்பும் பொருந்த வேண்டும். 2025-26க்கு ராகியின் ஆதரவு விலை குவிண்டால் ரூ.4,886. பதிவில் ஒரு பிழை இருந்தால் விவசாயி இழப்பது இந்த விலையைத்தான்.

'பூமி'யும் குறையற்றதல்ல. ஏட்டில் இல்லாத வாய்மொழிக் குத்தகைதாரர் கணினியிலும் இல்லை. அந்த இடத்தில் ஆந்திரம் ஒரு படி முன்னே போனது. அங்கே 2019இல் வந்த சட்டப்படி, நில உரிமைக்குப் பங்கம் வராமல் 11 மாத ஒப்பந்தத்தில் சாகுபடியாளர் அட்டை பெறலாம். இ-கிராப் பதிவிலும் குத்தகை விவசாயி இடம்பெறலாம். உரிமையாளர் கையெழுத்திடத் தயங்குவதால் பலருக்கு அட்டை கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் உழுகிறவரைக் கணக்கில் சேர்க்க ஒரு வழியாவது திறந்திருக்கிறது. நம்மிடமும் குத்தகை உரிமைப் பதிவுக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதைப் புதிய திட்டத்தோடு இணைத்துப் பார்க்க வேண்டும்.

தெலங்கானா ஓர் எச்சரிக்கை. 2020 அக்டோபரில் 'தரணி' தளம் வந்தது. வேகம் இருந்தது; ஆனால் பிழையைத் திருத்தக் கீழ்மட்டத்தில் யாருக்கும் அதிகாரம் இல்லை. சிறு தவறுக்கும் ஆட்சியர் அலுவலகமோ நீதிமன்றமோ என்று விவசாயிகள் அலைந்தார்கள். ஐந்தாண்டு முடிவதற்குள் அதை மாற்றி, மேல்முறையீட்டு வழியோடு 'பூ பாரதி'யை 2025 ஏப்ரலில் கொண்டுவர நேர்ந்தது.

அரசு செய்ய வேண்டியவை

முதலாவது, எத்தனை பேருக்கு எண் கொடுத்தோம் என்ற கணக்கோடு, ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் விடுபட்டவர் யார், என்ன காரணம் என்ற பட்டியலையும் வெளியிட வேண்டும். அது கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். அந்தப் பட்டியல் தீரும்வரை எண் இல்லை என்று யாருடைய உதவியையும் நிறுத்தக் கூடாது.

இரண்டாவது, எழுத்துப் பிழை, தந்தை பெயர்ப் பிழை போன்றவற்றைக் கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண் அலுவலரும் சேர்ந்து கிராமத்திலேயே விசாரித்து, குறித்த நாளுக்குள் தீர்க்க அதிகாரம் வேண்டும். நிலத் தகராறு மட்டும் மேலே போகட்டும்.

மூன்றாவது, ஒரு பருவத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் சாகுபடியாளர் பதிவு வேண்டும். அது நில உரிமைக்குச் சான்றாகாது என்று தெளிவாக எழுதினால் உரிமையாளரின் அச்சம் குறையும். கொள்முதல், காப்பீடு, இடுபொருள் மூன்றுக்கும் அதுவே போதும்.

உழவன் செயலி 2018இல் வந்தது. பிஎம் கிசான் 2019இல். அதன் பின் கிரெய்ன்ஸ் தளம். இப்போது தனித்துவ எண். ஒவ்வொரு முறையும் அதே ஆதார், அதே சிட்டா, அதே வங்கிப் புத்தகம். முன்பு கொடுத்ததைத் துறைகள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டால் ஒரு விவசாயிக்கு ஒரு நாள் வேலை மிஞ்சும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

அரசு செய்யட்டும் என்று காத்திருக்காதீர்கள். பட்டா தந்தை பெயரில் இருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்கிப் பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுங்கள். ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தி இதற்கு நல்ல வாய்ப்பு. மனு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுப் பட்டா என்றால், பங்காளிகள் ஒத்துப்போகும் காலத்திலேயே உட்பிரிவு செய்துகொள்வது நல்லது. ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் உங்கள் கையில் இருக்கிற எண்தானா என்று பாருங்கள். அதற்கு வரும் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். விதைத்ததும் அடங்கலில் பயிர் சரியாக ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள்.

விரிவாக்கப் பணியில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மேலிருந்து தினமும் கேட்கப்படுவது பதிவான எண்ணிக்கைதான் என்பது தெரியும். அதோடு, பதிய முடியாமல் திரும்பிப் போனவர்களுக்கும் ஒரு குறிப்பேடு வையுங்கள்: பெயர், சர்வே எண், காரணம். உங்கள் மேலதிகாரியிடம் மாதம் ஒருமுறை அதைக் கொடுங்கள். இந்தத் திட்டம் எங்கே சிக்கியிருக்கிறது என்பதை எந்தக் கணினித் திரையையும்விட அந்த நோட்டு தெளிவாகக் காட்டும்.